சகலையும் சும்மா ஓடிய மோட்டார்களும்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இந்த வயதில் இதை ஒத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் ஊர் மேல் எல்லாம் பொறாமைப்படுகிற ஆள் இல்லை நான். பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டினால் போய்ப் பார்த்து, காற்று நன்றாக வருகிறது என்று மனதாரச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். என்னிடம் இருந்த மொத்தப் பொறாமையையும் சிந்தாமல் சிதறாமல் ஒரே ஒருவருக்காக வைத்திருந்தேன். அவர் என் சகலை தங்கவேல்.

என் மனைவி ராஜாத்தியின் அக்காவைக் கட்டியவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். தேனிக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிகல் ஃபோர்மேன். நான் அல்லிநகரம் தாண்டி ஒரு ஜின்னிங் ஃபாக்டரியில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். (சூப்பர்வைசர் என்றால் எனக்குக் கீழே நாலு பேர் வேலை பார்த்ததாக நினைக்க வேண்டாம். எனக்குக் கீழே ஓர் ஏணி மட்டும்தான் இருந்தது.) விவசாயிகள் கொண்டுவரும் பருத்தியிலிருந்து கொட்டையைத் தனியாகவும் பஞ்சைத் தனியாகவும் பிரிக்கிற ஃபாக்டரி அது. பன்னிரண்டு ஜின் மெசின்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். அது போக, பிரிந்த பஞ்சை உறிஞ்சி, கூரையை ஒட்டிப் போகும் தகரக் குழாய் வழியாகப் பின்னால் இருக்கிற பஞ்சு ரூமுக்கு ஊதித் தள்ளுகிற பெரிய ஃபேன் ஒன்று.

எழுபதுகளின் நடுவில் மழை ஏமாற்றி, அணைகள் வற்றி, கரண்டு கட் வந்தது. ஒவ்வொரு ஃபாக்டரியும் மாதாமாதம் எரிக்கிற யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தே ஆக வேண்டும் என்று உத்தரவு. குறைக்காவிட்டால் ஃபியூசைப் பிடுங்கிவிடுவார்கள். மில் முதலாளிகள் எல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில், என் சகலை தன் மில்லில் ஒரு காரியம் செய்தார். வேலை இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார்களை நிறுத்தினால் எவ்வளவு யூனிட் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். அவர் சொன்னபடியே, ஏறக்குறைய ஒரு யூனிட் பிசகாமல், அடுத்த மாதம் மிச்சமானது. மில் மேனேஜர் கூட்டம் போட்டு, மாலை போட்டு, கைக்கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்.

அந்தக் கடிகாரம் என் வாழ்க்கையைக் கெடுத்தது.

எங்கள் மாமனார் அனுமந்தன்பட்டியில் நெல் விவசாயி. அவர் வீட்டுக் கூடத்தில் சுவர்க்கடிகாரம் ஒன்று நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் சகலைக்குக் கடிகாரம் வந்த நாளிலிருந்து மாமனாருக்கு மணி தெரிய வேண்டும் என்றால் அந்தச் சுவர்ப் பக்கமே திரும்ப மாட்டார். "மூத்த மாப்ள, மணி என்ன ஆச்சு பாருங்க" என்பார். சகலை சட்டைக் கையை மெல்லச் சுருட்டிவிட்டுப் பார்ப்பார். நான் அங்கேயே, சுவர்க்கடிகாரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பேன். நான் முந்திக்கொண்டு மணியைச் சொன்னாலும், மாமனார் மூத்தவரிடம் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் சாப்பிட உட்காருவார்.

ஒரு தடவை ஊர் திரும்பும் பஸ்ஸில் ராஜாத்தியிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "அக்கா வீட்டுக்காரக பேசாம இருந்தே பேர் வாங்குறாக" என்றாள். நான் பேசியும் வாங்கவில்லை என்பது அதில் சொல்லாமல் விட்ட பாதி.

அவர் எப்படிக் கணக்குப் போட்டார் என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கேட்டபோது சிரிப்பு வந்தது. மில் லீவு நாட்களில் போய், எல்லா மோட்டாரையும் நிறுத்திவிட்டு, ஒன்றை மட்டும் சும்மா ஓடவிட்டு, கரண்டு மீட்டருக்குள் சுற்றுகிற அலுமினியத் தட்டு ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணியிருக்கிறார். இப்படி ஒவ்வொரு மோட்டாராக, வாரக்கணக்கில். பிறகு ஒவ்வொரு மோட்டாரும் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெறுமனே ஓடுகிறது என்று ஷிப்டு முழுக்க நின்று குறித்திருக்கிறார். தட்டு சுற்றுவதை எண்ணினதற்கா மாலை? நானாக இருந்தால் அரை நாளில் முடித்திருப்பேன் என்று ராஜாத்தியிடம் சொன்னேன்.

எனக்கும் சந்தர்ப்பம் வந்தது. எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க வழி தெரியவில்லை, இரண்டாவது ஷிப்டை நிறுத்தப்போகிறேன் என்றார். இரண்டாவது ஷிப்டில் முப்பத்தெட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்கள். பாதிப் பேர் வருசநாட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நான் முதலாளியிடம், அதெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு நாள் கொடுங்கள், எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று எழுதித் தருகிறேன் என்றேன். முப்பத்தெட்டுப் பெண்களுக்காகத்தான் சொன்னேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த நிமிஷம் என் கண் முன்னால் தெரிந்தது ஒரு கைக்கடிகாரம்.

கணக்கை அரை நாளில் முடித்தேன். ஒவ்வொரு மோட்டார் மேலும் ஒரு பித்தளைப் பிளேட்டு இருக்கும். அதில் எத்தனை ஹார்ஸ் பவர் என்று அடித்திருக்கும். மெசினுக்கு மெசின் குனிந்து அதை எழுதிக்கொண்டேன். சும்மா ஓடுகிற மோட்டார் பிளேட்டில் போட்டிருக்கிற அளவு கரண்டை இழுக்காது, பாரம் ஏறினால்தான் இழுக்கும் என்பது எலக்ட்ரிகல் படித்த எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் தெரியவில்லை.

அடுத்து, எவ்வளவு நேரம் சும்மா ஓடுகிறது என்று தெரிய வேண்டும். எங்கள் ஃபிட்டர் மொக்கைச்சாமியைக் கேட்டேன். அவர் முப்பது வருஷமாக ஜின் மெசினோடு குடித்தனம் நடத்துகிறவர். யோசித்து, பருத்தி வந்து விழுகிற நேரத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு மெசின் நாளைக்கு ஆறு மணி நேரம் உருப்படியாக வேலை செய்யும் என்றார். நான் உடனே ஒரு நாளைக்கு இருபத்து நாலு மணி நேரத்தில் ஆறைக் கழித்தேன். பதினெட்டு மணி நேரம் சும்மா ஓடுகிறது. இதைப் பிளேட்டில் இருந்த அளவால் பெருக்கி, மோட்டார்களின் எண்ணிக்கையால் பெருக்கி, மாதத்துக்கு முப்பது நாளால் பெருக்கினேன். வந்த தொகையைப் பார்த்து எனக்கே உடம்பு சிலிர்த்தது. சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு இரண்டு போட்டேன்.

முதலாளி பேப்பரை வாங்கி, மேலே இருந்ததை எல்லாம் விட்டுவிட்டு, அடிக்கோடு போட்டதை மட்டும் பார்த்தார். அவர் குறைக்க வேண்டியதைவிடப் பல மடங்கு பெரியதாக இருந்தது. எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். அன்றைக்கே இரண்டாவது ஷிப்டுப் பெண்களிடம் போய், யாரும் கவலைப்பட வேண்டாம், வேலை எங்கும் போகாது என்று நானே அறிவித்தேன். அவர்களில் முன்னால் நின்று பேசுகிறவர் சின்னத்தாய். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினேன்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் பாதி மானமாவது தப்பியிருக்கும். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்காமல், போடியிலும் சின்னமனூரிலும் ஜின்னிங் ஃபாக்டரி வைத்திருக்கிற தன் சிநேகிதர்கள் மூன்று பேரை அழைத்து, மோட்டார்களை எப்படி நிறுத்தி மிச்சம் பிடிக்கிறோம் என்று அவர்கள் முன்னால் செய்து காட்டச் சொன்னார். உங்கள் வீட்டு ஆட்கள் யாரையாவது கூப்பிட வேண்டுமா என்று அவராகவேதான் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. மாமனாரையும் சகலையையும் கூப்பிட்டேன். சகலைக்கு அன்று டியூட்டி. அவர் வர முடியாது என்றபோது நானே அவர் மில் மேனேஜரைப் பார்த்து லீவு வாங்கிக் கொடுத்தேன். அவர் வராமல் எனக்கு எப்படி மாலை விழும்?

அன்று காலை எல்லாரையும் ஜின் ஹாலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். வெளிச்சமான இடமாகப் பார்த்துப் போட்டேன். அது தகரக் குழாய்க்கு நேர் கீழே என்பதைக் கவனிக்கவில்லை. முதலாளிகள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மாமனார் கல்யாணத்துக்கு உடுத்துகிற பட்டுக்கரை வேட்டியில் வந்திருந்தார். சகலை பின்னால் ஓர் ஓரமாக நின்றுகொண்டார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. (அடக்கமாம். அதுவும் எனக்கு எரிச்சல்.)

டீ நேரத்துக்கு மணி அடித்தது. வழக்கமாக டீ நேரத்தில் ஜின் மெசின்களுக்குப் பருத்தி போடுவதை நிறுத்துவார்கள். மோட்டார்கள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பெரிய ஃபேனும் ஓடிக்கொண்டே இருக்கும். நான் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போனேன். ஒவ்வொரு சுவிட்சுக்கும் இத்தனை யூனிட் மிச்சம் என்று சத்தமாகச் சொன்னேன். கடைசியாக ஃபேனிடம் போனபோது மொக்கைச்சாமி பக்கத்தில் வந்து மெதுவாக, "சார், ஃபேனை மட்டும் விட்டுருங்க. குழாயில பஞ்சு இருக்கு" என்றார். இது எலக்ட்ரிகல் விஷயம், நீங்கள் ஃபிட்டர் என்று அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு ஃபேனையும் நிறுத்தினேன்.

ஹாலில் அப்படி ஓர் அமைதி. முதலாளிகள் மூன்று பேரும் கை தட்டினார்கள். மாமனாரும் தட்டினார். என்னைப் பார்த்து அவர் கை தட்டியது அதுதான் முதல் தடவை. நான் சகலையின் முகத்தைப் பார்த்தேன். அவர் மேலே தகரக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ முடிந்து மறுபடி மணி அடித்தது. பெண்கள் வந்து நின்றார்கள்; தங்கள் வேலை எப்படித் தப்புகிறது என்று பார்க்க இரண்டாவது ஷிப்டிலிருந்து சின்னத்தாயும் முன்னதாகவே வந்திருந்தார். ஃபேனை முதலில் ஓடவிட்டு, குழாய் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஜின்களை ஓட்ட வேண்டும். நான் பெரியதைக் கடைசியில் வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று நினைத்து, பன்னிரண்டு ஜின்களையும் முதலில் போட்டேன். பஞ்சு குவிய ஆரம்பித்தது. அப்புறம் ஃபேன் சுவிட்சைப் போட்டேன்.

ஃபேன் நின்றபோது குழாயில் போய்க்கொண்டிருந்த பஞ்சு அப்படியே கீழே படிந்து, வளைவில் அடைத்துக்கொண்டிருந்தது. இப்போது புதுப் பஞ்சும் அதன் மேல் போய் முட்டியது. ஃபேன் உறுமியது. குழாய் நடுங்கியது. பழுதாக இருக்கும் என்று நினைத்து நிறுத்தியிருக்கலாம். நான் ஃபேனுக்கு வேகம் பிடிக்கவில்லை, கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும் என்று முதலாளிகளிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கிக்கொண்டிருக்கும்போதே குழாயின் ஜாயிண்டு ஒன்று பிய்ந்தது.

மேகமலையில் மேகம் இறங்குவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். முதலில் கொஞ்சம், பிறகு அடர்த்தியாக, பிறகு பக்கத்தில் இருப்பவர் தெரியவில்லை. நாற்காலிகள் மறைந்தன. போடி முதலாளி மறைந்தார். சின்னமனூர் முதலாளி இருமுகிற சத்தம் மட்டும் கேட்டது. மாமனார் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளை என்று மட்டுமே கூப்பிட்டவர், அன்றைக்குத்தான் பேரைச் சொன்னார். அதற்குள் ஃபேன் மோட்டாரிலிருந்து கருகுகிற வாசம் வந்தது. ஹால் முழுக்கப் பறக்கிற பஞ்சு. ஒரு பொறி போதும். எனக்கோ சுவிட்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுகூட மறந்துவிட்டது.

மெயின் சுவிட்சை இழுத்து நிறுத்தியது சகலை. பஞ்சுக்குள் நடந்து போய், சுவரைத் தடவிக் கண்டுபிடித்து, நிறுத்தினார். பிறகு பெண்களை எண்ணி வெளியே அனுப்பினார். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா என்று சின்னத்தாயிடம் இரண்டு முறை கேட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் கடைசியாக வெளியே வந்தேன். என்னை யாரும் எண்ணவில்லை.

முதலாளி அறையில் எல்லாரும் உட்கார்ந்து பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மாமனாரின் மீசை வெளுத்திருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. குழாய் பிய்ந்தது ஒரு விபத்து, ஆனால் கணக்கு சரியான கணக்கு என்று நானாகவே ஆரம்பித்தேன். சந்தேகம் இருந்தால் என் சகலையையே பார்க்கச் சொல்லுங்கள் என்று பேப்பரை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அவர் மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார். பிறகு பேப்பரை மடித்து என்னிடமே கொடுத்து, "தம்பி, வீட்டுல போய்ப் பாத்துக்கிருவோம்" என்றார்.

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கு அது புரியவில்லை. பொறாமையில் பேசுகிறார் என்று நினைத்தேன். (ஆமாம், அவர் என் மேல் பொறாமைப்படுகிறார் என்று.) "இல்லண்ணே, எல்லாரும் இருக்கையிலயே சொல்லுங்க" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். முதலாளியிடம், போன மாதம் ஃபாக்டரி எரித்த யூனிட்டைக் குறித்திருக்கும் கரண்டு கார்டைக் கேட்டு வாங்கினார். அதையும் என் பேப்பரையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதலாளி குனிந்து பார்த்தார். மற்ற மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் நெல் மூட்டை எண்ணிப் பழகிய மாமனார், எந்தத் தாளில் எவ்வளவு என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, ஃபாக்டரில மொத்தமே இம்புட்டுத்தேன் ஓடுது. அதவிடக் கூட எப்படி மிச்சம் பிடிப்பீக?"

போடி முதலாளிதான் முதலில் சிரித்தார். அப்புறம் அறையே சிரித்தது. சகலை ஒருவர்தான் சிரிக்கவில்லை. அவர் மெதுவாக எடுத்துச் சொன்னார். ஃபாக்டரி ஓடுவதே இரண்டு ஷிப்டு, பதினாறு மணி நேரம். நான் பதினெட்டு மணி நேரம் சும்மா ஓடுவதாக எழுதியிருக்கிறேன். பூட்டிக் கிடந்த நேரமும், ஞாயிற்றுக்கிழமையும் என் கணக்கில் சேர்ந்துவிட்டன. இது ஒரு சின்ன மறதிதான் என்று வேறு சொன்னார்.

அப்போது வாசலில் சின்னத்தாய் வந்து நின்றார். முதலாளியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அப்ப எங்களுக்கு வேலை இருக்கா, இல்லையா சார்?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் தலையில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது. பொறாமையெல்லாம் அந்த ஒரு நிமிஷம் எங்கே போனது என்று தெரியவில்லை. வேறு வழி இல்லாமல் நான் சகலையின் பக்கம் திரும்பினேன். அவர் முதலாளியிடம், முடிவு எடுப்பதற்கு முன் எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள் என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் என்றார், கவனியுங்கள்.

இரண்டு ஞாயிறும் மீட்டர் முன்னால் நின்றேன். அவர் ஒரு மோட்டாரை மட்டும் ஓடவிடுவார். நான் அவருடைய கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு, தட்டின் ஓரத்தில் இருக்கும் சிவப்புக் கோடு எத்தனை முறை வந்து போகிறது என்று எண்ணுவேன். (கடைசியில் அந்தக் கடிகாரத்தை நானும் கட்டிப் பார்த்துவிட்டேன். என் மணிக்கட்டுக்கு அது பெரியது.) தட்டு மாட்டு வண்டி மாதிரி மெல்லச் சுற்றியது. சும்மா ஓடுகிற மோட்டார் இவ்வளவு கொஞ்சமாகவா இழுக்கும் என்று எனக்கு அழுகையே வந்தது. வாரநாட்களில் மொக்கைச்சாமியும் நானும் ஒவ்வொரு மெசினும் எவ்வளவு நேரம் வெறுமனே ஓடுகிறது என்று குறித்தோம். கூட்டிப் பார்த்தால், நான் சிவப்பு மையில் எழுதியதில் இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை. ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க அது போதாது.

வழி சொன்னது மொக்கைச்சாமி. பருத்தி மூட்டை தூரத்தில் கிடப்பதால்தான் மெசின்கள் காத்துக் கிடக்கின்றன, மூட்டையை மெசின் பக்கத்தில் அடுக்கினால் எட்டு ஜின்னே பன்னிரண்டின் வேலையைச் செய்துவிடும் என்றார். நாலு ஜின்களை அடியோடு நிறுத்தினோம். நாலு ஜின்னில் நின்ற பெண்களை மூட்டை பிரிப்பதற்கும் பருத்தி எடுத்துக் கொடுப்பதற்கும் போட்டோம். டீ நேரத்தில் ஜின்களை நிறுத்தினோம், ஃபேனைத் தொடவில்லை. இரண்டாவது ஷிப்டில் ஒரு மணி நேரம் குறைந்தது. ஆனால் முப்பத்தெட்டுப் பேரும் வேலையில் இருந்தார்கள். அடுத்த மாதக் கார்டு வந்தபோது உத்தரவுக்கு மேல் கொஞ்சம் மிச்சமே இருந்தது.

முதலாளி எல்லாரையும் கூட்டி, சகலைக்கு ஒரு சால்வை போட்டார். அதை அவர் கழற்றி மொக்கைச்சாமிக்குப் போட்டுவிட்டு, எண்ணினதெல்லாம் என் தம்பிதான் என்றார். கூட்டம் எனக்காகவும் கை தட்டியது. அந்தக் கைதட்டல் எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

எங்கள் குடும்பத்தில் அன்றிலிருந்து ஒரு பேச்சு வழக்கம் வந்துவிட்டது. யாராவது கொஞ்சம் அதிகமாக அளந்தால், "இது பிளேட்டுக் கணக்கா, தட்டுக் கணக்கா?" என்று கேட்பார்கள். பிளேட்டில் எழுதியிருப்பது ஒன்று, மீட்டர் தட்டு சுற்றுவது வேறு என்று அர்த்தம். என் மகளுக்கு வரன் பார்க்க வந்தவர்கள் பையன் சம்பளத்தைச் சொன்னபோது ராஜாத்தி வாய் தவறி இதைக் கேட்டுவிட்டாள். அவர்களுக்குப் புரியவில்லை. முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. கதையைக் கேட்டபின் பையன் சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னார்கள். நல்ல மாப்பிள்ளைதான்.

இந்தக் கதை எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் ஒருமுறையாவது சொல்லப்படாமல் போகாது. மாமனார் இருந்தவரை அவர் சொன்னார். இப்போது சகலை சொல்கிறார். அவருக்கு வயதாகிவிட்டது, குரல் நடுங்குகிறது, ஆனாலும் எல்லாரும் அவரைச் சுற்றித்தான் உட்காருகிறார்கள். அவர் சொல்லும்போது ஃபேனை நான் நிறுத்தியதைச் சொல்வதில்லை. அது தானாக நின்றுவிட்டது என்கிறார். பதினெட்டு மணி நேரத்தைப் பதினேழு என்று குறைத்துவிடுகிறார். மொக்கைச்சாமி எச்சரித்ததை விட்டே விடுகிறார். பேரன் பேத்திகள் என்னைப் பரிதாபமாகவும் அவரைப் பாசமாகவும் பார்க்கிறார்கள். என்னைப் பற்றிய கேவலமான கதையிலும் அவர் நல்ல பேர் வாங்கிக்கொண்டு போவதை எத்தனை வருஷம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? அதனால்தான் எதையும் குறைக்காமல், என் கையாலேயே எழுதிவிட்டேன்.